தெர்வோவின் சட்டைக்குள்

கயானியிலிருந்து ஓவுலுவுக்கு
மூன்று மணி நேரப் பேருந்து.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

படைமுகாம் மருத்துவர் லிண்ட்ரூஸ்
பத்தொன்பது வயது ரவுனோ பீரைனெனின்
மூக்குவழி ஊசி செலுத்தி
வலக் கன்ன எலும்பின் பொந்திலிருந்து
உறிஞ்சியெடுத்த சீழ்
கால் தேக்கரண்டி கூட இராது.
ஊசி நுழைகையில் எலும்பு
முட்டையோடு போல் நொறுங்கும் சத்தம்
அவனுக்கு மட்டும் கேட்டிருக்கும்.

மூக்கைத் துடைத்த பஞ்சு போதாதா என்று
வேலைக்குப் புதிதாய் வருகிறவர்கள் கேட்பார்கள்.
போதாது.
மூக்கு சந்தைக்குப் போகும் வழி,
போவோர் வருவோர் எல்லோர் பெயரையும் சொல்லும்.
குற்றம் நடந்தது உள்ளறையில்.

சரக்குப் பெட்டியில் வைத்தால்
உறைந்துவிடும் என்று
ஓட்டுநர் தெர்வோ
குப்பியைச் சட்டைக்குள் இட்டு
வயிற்றோடு ஒட்டிக் கொண்டுவந்தார்.
குளிர் தாங்காத கிருமிகள் உண்டென்று
யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.
என் கையில் தந்தபோது
கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது,
கொஞ்சம் புகையிலை வாசம்.

சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன்.
சீழணுக்களுக்கு நடுவே
இளஞ்சிவப்பாய்ச் சிதறிய நொய்.
ஏதோ இருக்கிறது என்பது வரை நல்லது.
பல குப்பிகளில் இதுவும் இராது,
எல்லாம் வைரஸின் வேலை,
மூன்று நாள் காத்திருந்து
‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதும்போது
நான்தான் எதையோ கொன்றுவிட்டேனோ
என்றிருக்கும்.

தட்டுகளில் கீறி
வெப்பப் பெட்டியில் வைத்துவிட்டு வீடு போனேன்.
எங்களிடம் அவசரம் என்பது
மறுநாள் காலை.

முதலில் நிமோகாக்கஸைத் தேடினேன்.
அவன்தான் வழக்கமான ஆள்,
குருதித் தட்டில் பச்சை வளையம் போட்டு
நடுவில் குழிந்து உட்கார்ந்திருப்பான்.
இல்லை.
மொராக்ஸெல்லாவா?
அதன் திட்டைக் கம்பியால் தள்ளினால்
பனித்தளத்தில் ஹாக்கி வட்டு போல்
உடையாமல் வழுக்கிக்கொண்டு போகும்.
இந்த ஊரில் பிறந்த எவருக்கும்
அந்தச் சோதனையைக் கற்றுத்தர வேண்டாம்.
தள்ள எதுவும் இல்லை.
குருதித் தட்டு துடைத்துவிட்டது போல் இருந்தது.

சாக்லேட் தட்டில் மட்டும்,
சாக்லேட் கிடையாது அதில்,
சூட்டில் வெடித்துப் பழுப்பான இரத்தம்தான்,
சாம்பல் நிறத் துளிகள்.
மூடியைத் திறந்தால் நனைந்த எலியின் வாடை.

ஹீமோபிலஸ். குருதியை நேசிப்பது.
கூடவே இன்ஃபுளுயன்சே என்றொரு வால்,
செய்யாத குற்றத்துக்கு
என்றோ ஒட்டிய பட்டம்.
பிறகு ஒருவரும் உரிக்கவில்லை.

உறுதிசெய்ய வேண்டும்.
புதிய குருதித் தட்டில் அதைப் பரப்பி
குறுக்கே ஸ்டாபிலோகாக்கஸால் ஒரு கோடு இழுத்தேன்.
மூன்றாம் நாள்
கோட்டின் இரு கரையிலும் மட்டும்
ஊசிமுனைப் பனித்துளிகள்.
தள்ளியிருந்த இடமெல்லாம் தரிசு.
அடுத்த வீட்டில் சிந்தியதைத் தின்று
பிழைக்கிற ஜீவன்.

சோதனைத் தாள்
மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் போக
ஒரு நிமிடம் ஆகவில்லை.
பென்சிலினை நறுக்கும் கத்தரி
இதன் மடியில் இருக்கிறது.
ரவுனோ பத்து நாளாய் விழுங்கியதெல்லாம் வீண்.
லிண்ட்ரூஸுக்குத் தொலைபேசினேன்.
பெயர் சொன்னேன். மருந்தை மாற்றுங்கள் என்றேன்.
நன்றி சொல்லும் முன்பே
ஆளைக் கூப்பிடப் போய்விட்டார்.

அடுத்த செவ்வாய் தெர்வோ
வேறொரு குப்பியை வயிற்றிலிருந்து எடுத்தபடி
கேட்டார்:
போன வாரத்தது பிழைத்ததா?

எங்கள் பேச்சில்
அவனுக்கும் அதுக்கும் ஒரே சொல்தான்.
பையனைக் கேட்கிறாரா,
தன் சூட்டில் மூன்று மணி நேரம்
கிடந்ததைக் கேட்கிறாரா,
முகத்தில் தெரியவில்லை.

பிழைத்தது என்றேன்.

தலையசைத்தார்.
சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு
பேருந்துக்கு நடந்தார்.
அதன் இன்ஜினை அவர் நிறுத்தியிருக்கவில்லை.